பழைய சாமான் சாக்கு

செப்டம்பர் 9, செவ்வாய்

சங்ககிரியில் லோடு ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு இழுத்துக் கட்டிக் கிளம்ப மத்தியானம் ஆகிவிட்டது. பதினெட்டு டன் ஜவ்வரிசி, நாகப்பூருக்கு. இருபத்திரண்டாம் தேதி நவராத்திரி. அதற்குள் போய்ச் சேர வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் விரதத்துக்குச் சோறு தின்னமாட்டார்கள், ஜவ்வரிசியைத்தான் கிண்டித் தின்பார்கள். விரதம் முடிந்து கொண்டுபோனால் யாரும் சீந்தமாட்டார்கள் என்று முதலாளி குழந்தைவேல் மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

இது டயர் கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. ஜூன் பதினான்காம் தேதி வரைக்கும் இதில் ஒரு எழுத்து கிடையாது. அன்றுதான் தனியாக ஓட்ட ஆரம்பித்தேன். தனியாக ஓட்டுவதில் சௌகரியம் உண்டு. நமக்குப் பிடித்த பாட்டை வைக்கலாம். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் மூஞ்சியைச் சுளிக்க ஆள் இல்லை. இதை வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், ஒருவனும் நம்புவதாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஓசூர், பெங்களூரு, அனந்தபூர். கர்னூலுக்கு முன்னால் நிறுத்திச் சோறு ஆக்கினேன். முதுகு வலி.

செப்டம்பர் 11, வியாழன்

ஹைதராபாத் சுற்றுச்சாலையில் ஏறும்போது மூன்றாவது கியர் ஒரு தடவை துள்ளியது. போட்ட கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுவதைத்தான் துள்ளுவது என்போம். கையால் அழுத்திப் பிடித்தால் நிற்கிறது. பிடித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஜூன் மாதம்தான் இந்தக் கியர்பாக்ஸை இறக்கி வேலை பார்த்தது. அதைக் கெடுத்தவன் நாச்சிமுத்து. பத்தொன்பது வருடம் இந்த வண்டியிலும் இதற்கு முந்தின வண்டியிலும் என்னோடு ஓட்டியவன். ஒருவன் ஓட்டினால் ஒருவன் படுப்பான், அப்படித்தான் காசிக்கும் போனோம், கட்ச்சுக்கும் போனோம். அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இறக்கம் வந்தால் கியரை எடுத்துவிட்டு வண்டியை நியூட்ரலில் உருளவிடுவான், டீசல் மிச்சம் என்பான். அப்படி உருளவிட்டால் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சரியாக ஏறாது, பேரிங் வெந்துபோகும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், கேட்டால்தானே. முதலாளி அவனை நிறுத்திவிட்டார். அவர் வண்டி, அவர் முடிவு. எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

உயிர் பிழைத்து எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு நிர்மல் தாண்டி மலை ஏறினேன். தூறல் போட்டு ரோடு வழுவழுவென்று கிடந்தது. பாதி ஏற்றத்தில் மூன்றாவது துள்ளிவிட்டது. இந்தத் தடவை கையில் நிற்கவில்லை, உதறிக்கொண்டு வெளியே வந்தது. திரும்பப் போட்டால் கரகரவென்று அரைக்கிறதே தவிர விழவில்லை. வண்டி ஒரு நொடி நின்று பின்னால் உருள ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்து நிறுத்தினேன். பின்னால் இருபதடியில் வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

இப்படி நேர்ந்தால் ஓட்டுகிறவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டான். மற்றவன் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போடுவான். இது வழக்கம், வாயைத் திறந்து சொல்லவே தேவையில்லை. நான் இன்று "கட்டையப் போடு" என்று கத்திவிட்டேன். கத்தியபிறகுதான் இடது பக்கச் சீட்டில் தண்ணீர்க் கேன் மட்டும் இருப்பதைப் பார்த்தேன்.

ஹேண்ட் பிரேக் தாங்கும் என்று புத்தி சொல்கிறது, கால் நம்பமாட்டேன் என்கிறது. எடுத்தால் உருண்டுவிடும் என்ற பயத்தில் இருபது நிமிடம் அப்படியே மிதித்துக்கொண்டிருந்தேன். தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் வந்த ராஜஸ்தான் வண்டிக்காரன் இறங்கி வந்து கட்டை போட்டான். "தூஸ்ரா ட்ரைவர் கஹாம்?" என்று கேட்டான். மற்ற டிரைவர் எங்கே என்கிறான். தூங்குகிறான் என்று கை காட்டினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

இரண்டாவது கியரிலேயே பதினான்கு கிலோமீட்டர் ஊர்ந்து இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். தகரக் கொட்டகை, பக்கத்தில் மூடிப்போன பெட்ரோல் பங்க், மூன்று பக்கமும் பருத்திக் காடு. மெக்கானிக் பெயர் நயீம். முப்பத்தைந்து வயதிருக்கும். சேலத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவனாம், தமிழ் பேசுகிறான். முருகன் கண்ணைத் திறந்தான் என்று நினைத்தால், "தங்கச்சிக்குக் கல்யாணம்ணே, திங்கக்கிழமைதான் கை வைப்பேன்" என்று பைக்கில் ஏறிப் போய்விட்டான்.

முதலாளிக்குப் போன் போட்டேன். "மறுபடியுமா? போன தடவ அந்த நாச்சிமுத்து கெடுத்து வெச்சதோட மிச்சமாத்தான் இருக்கும். என்னப்பா சொல்றே?" என்றார்.

"இருக்கலாமுங்க" என்றேன்.

செப்டம்பர் 13, சனி

மழை. தார்ப்பாயின் இடது ஓரம் சொட்டுகிறது. மேலே ஏறி மடிப்பை மாற்றிக் கட்டினேன். ஒரு ஆள் கீழே நின்று கயிற்றை இழுத்தால் பத்து நிமிட வேலை. ஏறி ஏறி இறங்கி ஒன்றரை மணி நேரம் ஆனது. லுங்கி துவைத்தேன், காயவில்லை. டயர் பத்தையும் ராடால் தட்டிப் பார்த்தேன். ஓடாத வண்டிக்கு டயர் பார்ப்பானேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மகன் கோயமுத்தூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவான். போன் போட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது. நேற்றும் போடவில்லை, சனிக்கிழமை அவனுக்கு வேலை அதிகம்.

ரசம் வைத்தேன். நன்றாக இருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

நயீம் சொன்னபடி வந்துவிட்டான். கல்யாண பிரியாணி ஒரு டப்பாவில் எனக்கும் கொண்டுவந்திருந்தான். நானும் கூட நின்று, பின் சக்கரத்துக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். ஜாக்கி வைத்துக் கியர்பாக்ஸை இறக்கச் சாயங்காலம் ஆனது.

வேலை செய்துகொண்டே, "வீடு சங்ககிரியிலயாண்ணே?" என்று கேட்டான்.

"ஆமா."

"வீட்ல யாரு இருக்காங்க?"

"வீட்டுக்காரி செத்து நாலு வருசமாச்சு. மகன் வேற ஊரு."

"அப்ப வீட்டப் பூட்டியா வெச்சிருக்கீங்க?"

இந்தப் பையனுக்கு வாய் அதிகம். வாடகை வீட்டை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. மாதத்தில் இரண்டு நாள் படுக்க ஒரு வீடு எதற்கு? துணிமணி, அடுப்பு, ரேஷன் கார்டு எல்லாம் கேபினிலேயே இருக்கின்றன. ஆதார் கார்டில் இருக்கும் விலாசத்தில் இப்போது ஒரு பேங்க்காரர் குடியிருக்கிறார். நல்ல மனிதர், எனக்கு வரும் தபாலை எடுத்துவைப்பார். இதையெல்லாம் நயீமிடம் சொல்லவில்லை. "பூட்டித்தான் இருக்குது" என்றேன்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் நாச்சிமுத்துவுக்குக் கை தேர்ந்த அறிவு உண்டு. டிரைவர் ஆவதற்கு முன் பட்டறையில் இருந்தவன். யோசனை கேட்பதில் தப்பில்லை என்று சாயங்காலம் போன் போட்டேன். ஜூனுக்குப் பிறகு இன்றுதான் பேசுகிறேன். எடுத்தது அவன் மனைவி பாவாயி.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? எங்க இருக்கறீங்க?" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நாச்சிமுத்து இல்லியா, பாவாயி?"

"மில்லுக்குப் போயிருக்காருங்ணா. நூல் மூட்ட தூக்கற வேல. போன அங்க கொண்டுபோக உட மாட்டாங்க, வெச்சுட்டுத்தான் போவாரு."

"அவனுக்கு இடுப்புல ஆபரேசன் பண்ணியிருக்குதே."

"ஆமாங்ணா. தூக்க வேண்டாம்னுதான் டாக்டர் சொன்னாரு. வேற என்ன வேல குடுக்கறாங்க? வயசாயிருச்சுங்கறாங்க, கெணத்துலயும் தண்ணி இல்ல." உடனே, "நீங்க சாப்பிட்டீங்களாண்ணா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கியர்பாக்ஸைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

கியர்பாக்ஸைத் திறந்தாகிவிட்டது.

நயீம் ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தான். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். "எல்லாம் பழைய டிரைவரோட வேல. நியூட்ரல்லயே எறக்குவான்" என்று சொன்னேன். நயீம் பேரிங்கை எடுத்துத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினான்.

"நியூட்ரல்ல விட்டா இது வெந்து நீலமா ஆயிருக்கும்ணே. பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்குது. இது நியூட்ரல் கேஸ் இல்ல."

அப்புறம் போர்க்கை எடுத்தான். கியர் ராடை நாம் தள்ளும்போது உள்ளே கியரைப் பிடித்து நகர்த்துகிற கவை அது, இரண்டு கால் இருக்கும். அந்தக் கால்கள் இரண்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து, நகம் கனத்துக்கு வந்திருந்தன.

"இது எப்டி ஆகும்னு தெரியுமாண்ணே? வண்டி ஓடறப்ப ராடு மேல கைய வெச்சுக்கிட்டே இருந்தா ஆகும். கை பாரம் பூரா இது மேலதான் வரும். உள்ள சுத்திக்கிட்டே இருக்குதுல்ல, உரசி உரசித் தேஞ்சிரும். ஜூன்ல புதுசு போட்டீங்களா? மூணு மாசத்துல இவ்ளோ தேஞ்சிருக்குதுன்னா, அந்தக் கை எறங்கவே இல்லண்ணே."

என் இடது கை முழங்கால்மேல் இருந்தது.

எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. கியர் மாற்றியபிறகும் கையை ராடிலேயே வைத்திருப்பேன். நான்கு வருடமாகத்தான். அதற்குமுன் கிடையாது. நாச்சிமுத்து பார்த்தால் தட்டிவிடுவான். "அதென்ன கட்டிக்கிட்ட பொண்டாட்டியா? கைய எடு பங்காளி" என்பான். அவன் தூங்கும்போது வைத்துக்கொள்வேன். ஜூனிலிருந்து தட்டிவிட ஆள் இல்லை. ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கிறது, இன்னொரு கை எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்.

பட்டறையில் கழற்றிய பழைய சாமானை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எங்கள் பக்கம் எல்லா லாரி ஆபீசிலும் இதுதான் முறை. எது போனது, எதனால் போனது என்று முதலாளி சாக்கைக் கொட்டிப் பார்ப்பார். குழந்தைவேலுக்கு இதில் நல்ல ஞானம் உண்டு, அவரும் ஒரு காலத்தில் ஓட்டியவர். இந்தப் போர்க்கைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஐம்பத்தெட்டு வயதில் வண்டியிலிருந்து இறக்கிவிட்டால் வேறு எந்த ஆபீசில் என்னை ஏற்றுவார்கள்? எங்கே போய்ப் படுப்பேன்?

நயீம் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இத உள்ள போடவாண்ணே, வேண்டாமா?" என்று கேட்டான். இதற்கு முன்னாலும் டிரைவர்களிடம் கேட்டுப் பழகியவன்போல, முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"வெளிய போட்ரு" என்றேன்.

கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பழைய இரும்புக் குவியலில் எறிந்தான். சத்தம் கேட்டது.

செப்டம்பர் 17, புதன்

எழுத ஒன்றும் இல்லை. மழை.

செப்டம்பர் 18, வியாழன்

புதுப் போர்க்கும் சின்ன சாமான்களும் ஹைதராபாத்திலிருந்து பார்சல் பஸ்ஸில் வந்துவிட்டன. நயீம் மாட்ட ஆரம்பித்துவிட்டான். நாளை சாயங்காலம் வண்டி கிளம்பிவிடும்.

நான் பதினோராம் தேதி எழுதியதைத் திருப்பிப் படித்தேன். முதலாளி அவனை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறேன். நிறுத்தினார், அது பொய்யில்லை. எப்படி நிறுத்தினார் என்பதை எழுதவில்லை. ஜூன் மாதம் ஆபீசில் முதலாளி சாக்கைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இது எப்படிப் போச்சு?" என்று கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன் என்றுதான் மூன்று மாதமாக எனக்கு நானே சொல்லிவந்தேன்.

அவர் கேட்கவே இல்லை. சாக்கைக் கிளறியும் காரணம் பிடிபடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அவர் வாயைத் திறப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "நாச்சிமுத்து நியூட்ரல்ல உடறானுங்க, சொன்னாலும் கேக்கறதில்லீங்க" என்றேன். சொல்லி முடிக்கவும் நாச்சிமுத்து உள்ளே வந்தான். கை ஈரமாக இருந்தது, வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான். முதலாளி அவனிடம் கேட்டபோது ஒரு பேச்சும் பேசாமல் நின்றான். பேசாமல் நின்றதை நான் அவன் தப்பை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியாமல் இல்லை, பார்க்க மனம் இல்லை.

மத்தியானம் போன் போட்டேன். இன்று மில் லீவோ என்னவோ, அவனே எடுத்தான்.

"சொல்லு பங்காளி" என்றான். மூன்று மாதமாகப் பேசாதவனிடம் பேசுகிற மாதிரி இல்லை.

கியர்பாக்ஸ் கதையைச் சொன்னேன். பேரிங் நன்றாக இருந்ததையும் போர்க் தேய்ந்திருந்ததையும் சொன்னேன். "அது என்ற கையி, நாச்சிமுத்து. போன தடவையும் அப்படித்தான் இருந்திருக்கும். உன்னோட நியூட்ரலு இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"ஜூன்ல பட்டறையில சாக்குக் கட்டுனது யாரு? நாந்தானே. போர்க்கப் பாத்தேன். முதலாளி கண்ணுல பட்டா உன்ன எறக்கி உட்ருவாருன்னு எடுத்து ஆபீசுக்குப் பின்னால சாக்கடையில வீசிட்டேன். வீசிட்டுக் கையக் கழுவிட்டு ஆபீசுக்குள்ள வந்தா, நீ பேசிட்டு இருக்கற."

கொட்டகையில் நயீம் சுத்தியலால் தட்டுகிற சத்தம்கூடத் தூரத்தில் கேட்டது.

"அப்பவே சொல்லியிருக்கலாமல்ல?" என்றேன்.

"சொல்லோணும்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. கோவம் இல்லாம இருக்குமா? ஆனா எனக்கு ஒரு ஊடு இருக்குது, பாவாயி இருக்கறா. கூழோ கஞ்சியோ. உனக்கு அந்த வண்டிய உட்டா என்ன இருக்குது பங்காளி?"

"இடுப்பு எப்படி இருக்குது?" என்றேன்.

"அதுக்கென்ன, நல்லா இருக்குது. காடு பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கறேன். கடல போட்டிருக்கறேன், நல்லா வந்திருக்குது" என்றான்.

கிணற்றில் தண்ணீர் இல்லை என்று பாவாயி சொன்னது அவனுக்குத் தெரியாது. மூட்டை தூக்குவதை அவள் சொல்லிவிட்டாள் என்பதும் தெரியாது.

செப்டம்பர் 19, வெள்ளி

விடிந்ததும் கொட்டகைக்குப் பின்னால் போய் இரும்புக் குவியலைக் கிளறினேன். மழையில் எல்லாம் ஒரே சேறு. தேய்ந்த கிளட்ச் தட்டு, உடைந்த ஸ்பிரிங் பட்டை, எவனெவனோ மறைத்த சாமான் எல்லாம் கிடக்கிறது. கையில் இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கிடைத்தது.

நயீம் பைக்கை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். "புதுசு மாட்டியாச்சேண்ணே, பழசு எதுக்கு?"

"சாக்குல போடோணும்."

"வேல போயிரும்ணே."

"தெரியும்பா."

அவன் வாளியில் மண்ணெண்ணெய் எடுத்துவந்து அந்தப் போர்க்கைத் திரும்பவும் சுத்தமாகக் கழுவிக் கொடுத்தான். சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, கேபினில் இடது பக்கம் வைத்தேன்.

சாக்கு ஊர் போய்ச் சேருகிறவரை எனக்குத் தைரியம் தாங்காது என்று எனக்கே தெரியும். வழியில் எத்தனை பாலம், எத்தனை ஆறு. அதனால் பத்து மணிக்கு முதலாளிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் மாதத்துப் போர்க் சாக்கடைக்குப் போன கதை உட்பட.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப நாச்சிமுத்து மேல நீ சொன்னது?"

"தப்புங்க."

"அன்னிக்கு அவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அர்த்தனாரி."

"சொல்லலீங்க."

"எங்கப்பாரு காலத்துல இருந்து ஓட்டறே. உன்ன நம்பி அவனத் தொரத்துனேன் பாரு." குரல் உயரவே இல்லை, அதுதான் வலித்தது. "லோடு அவசரம், நாகப்பூர் வரைக்கும் நீயே ஓட்டு. எறக்கிட்டு வண்டிய நிறுத்திரு. நாச்சிமுத்து வந்து எடுத்துக்குவான், சாவிய அவங்கிட்டக் குடுத்துட்டு நீ ட்ரெய்ன்ல வந்து சேரு."

"சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்ல.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினேன். மூன்றாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து ஓட்டினேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நாகப்பூர். லோடு இறக்கியாகிவிட்டது. ஒரு மூட்டைகூட நனையவில்லை. குடோன்காரர் சந்தோஷப்பட்டு வெற்றிலை கொடுத்தார். மகனுக்குப் போன் போட்டு, அங்கே வந்து கொஞ்ச நாள் இருக்கலாமா என்று கேட்டேன். "வாங்கப்பா. ஆனா எத்தன நாளைக்குன்னு முன்னாலயே சொல்லிருங்க" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் நடக்கப் பழகியதும் எழுதப் பழகியதும் நான் ரோட்டில் இருந்தபோதுதான்.

செப்டம்பர் 22, திங்கள்

கேபினைக் கூட்டித் துடைத்தேன். என் சாமான்களைக் கட்டினேன். பத்தொன்பது வருடத்துச் சாமான் இரண்டு பைக்குள் அடங்கிவிட்டது.

செப்டம்பர் 24, புதன்

காலை பதினோரு மணிக்கு நாச்சிமுத்து வந்தான். இளைத்திருக்கிறான். இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தான். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் லாரிப்பேட்டைக்கு வந்து இறங்கி, என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் வண்டியைச் சுற்றிவந்து டயரைத் தட்டினான். அப்புறம் என் முன்னால் வந்து நின்றான்.

"யாரு உன்னச் சொல்லச் சொன்னது?" என்றான்.

"யாரும் சொல்லல."

"நானென்ன கேனயனா? மூணு மாசம் மூட்ட தூக்குனது எதுக்கு? நீ வண்டியில இருக்கோணும்னுதானே. ஒரே போன்ல எல்லாத்தையும் கவுத்துட்டே."

அவனுக்கு நிஜமாகவே கோபம். நான் சாவியை நீட்டினேன். பிடுங்கிக்கொண்டான். திரும்பிப் போகும் லோடு கோழித்தீவனத்துக்கான சோயாப் புண்ணாக்கு, நாமக்கல்லுக்கு. ஏற்றி முடிக்க மூன்று மணி ஆனது. இரண்டு பேருமாகக் கயிறு இழுத்தோம், அரைமணி நேரத்தில் முடிந்தது. அந்த அரைமணி நேரமும் அவன் பேசவில்லை.

நான் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் ஆட்டோ கிடைக்கும் என்று ரோட்டைப் பார்த்து நின்றேன். அவன் ஏறி வண்டியைக் கிளப்பினான். இரண்டடி நகர்ந்து நின்றது. இடது பக்கக் கதவை உள்ளிருந்து எட்டித் திறந்தான்.

"ட்ரெய்ன்ல போகச் சொன்னாரு முதலாளி" என்றேன்.

"எங்கிட்டயும் சொன்னாரு. ஏறு."

சாக்கைப் பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

நேற்று ஊரைத் தாண்டியதும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் சும்மா முதுகைச் சாய்த்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை முறை மாற்றுவது எங்கள் பழைய வழக்கம். ஓட்டுகிறவன் மற்றவன் காலைச் சுரண்டி எழுப்புவான். எழுப்புவான் என்று படுத்தேன்.

கண்ணைத் திறந்தபோது வெளியே நல்ல வெயில். ஹைதராபாத்தே பின்னால் போய்விட்டது. அவன் அதே இடத்தில் உட்கார்ந்து, கண் சிவந்துபோய், பெல்ட்டை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மூன்று மணி நேரம் எங்கேயோ நிறுத்தி ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து தூங்கினானாம். அதுகூட எனக்குத் தெரியவில்லை.

"முறை மாத்த எழுப்பியிருக்கலாமல்ல" என்றேன்.

"உன்ன ஸ்டியரிங்கத் தொட உடக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு."

நியாயம்தான். எழுந்து இடது சீட்டில் வந்து உட்கார்ந்தேன். நாளை மறுநாள் சங்ககிரியில் இறங்க வேண்டும், இறங்கி எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும். அவன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"மூணு மாசமா எப்பப் பங்காளி தூங்குனே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. வீட்டுக்காரி செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. சின்னப்பிள்ளை மாதிரி சத்தம் போட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நான் அழுது முடிக்கிறவரை அவன் என் பக்கம் திரும்பவில்லை, வண்டியையும் நிறுத்தவில்லை.